நீ வெட்ட விடாத கேக்

தம்பிக்கு,

நேற்று மத்தியானம் நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று உனக்குத் தோன்றும். வாயால் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்றபடியே சட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெருப் பக்கம் போய்விடுவாய். எழுதிக் கொடுத்தால் எங்காவது உட்கார்ந்துதானே படிக்க வேண்டும்? அதற்காகத்தான். கண்ணாடி போட்டும் எழுத்து கொஞ்சம் கோணிக்கொண்டு போகிறது, பொறுத்துக்கொள்.

நீ துபாயிலிருந்து வந்து இறங்கிய நாளிலிருந்து உன் மகள் உன்னைக் கண்டாலே அவள் அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொள்கிறாள். சாவி கொடுத்தால் நடக்கும் என்று நீ ஆசையாக வாங்கிவந்த பொம்மை பெட்டியோடு அலமாரி மேல் இருக்கிறது. நேற்று நீ ஊட்டிவிடப் போன கவளத்தை அவள் தட்டிவிட்டாள், சோறு உன் மடியில் சிதறியது, நீ எழுந்துவிட்டாய். சாயங்காலம் உன் மனைவியிடம், "லீவை முடிச்சிக்கிட்டு முன்னாலயே கிளம்பிடலாமான்னு பாக்குறேன், டிக்கெட்டை மாத்தணும்" என்று சொன்னாயாம். அவள் கிணற்றடியில் என்னிடம் சொல்லி அழுதாள். உன்னைக் கண்டிக்க நான் இதை எழுதவில்லை. நீ சொன்ன அதே வார்த்தையை இந்த வீட்டில் நான் முன்பும் ஒருமுறை கேட்டிருக்கிறேன். சொன்னவர் உன் அப்பா. அன்று சேலைக்குள் ஒளிந்துகொண்டிருந்தது நீ.

அப்பா சைகோன் துறைமுகத்தில் சுங்க வேலைக்குக் கப்பல் ஏறியபோது நீ தவழ்ந்துகொண்டிருந்தாய். அப்போது காரைக்காலிலும் சைகோனிலும் பிரெஞ்சுக்காரர் ஆட்சி. தலத்தெருவில் நம்மைப் போல எத்தனையோ வீட்டு ஆண்கள் சைகோனில்தான் இருந்தார்கள். அங்கே சண்டை முற்றிக்கொண்டே போனதில் அவருக்கு லீவு தள்ளிப்போனது. கடைசியில் அவர் திரும்பியது இங்கே கொடி மாறிய அடுத்த தை மாதத்தில். உனக்கு ஐந்து வயது முடியப் போகிற சமயம். அதுவரை உனக்கு அப்பா என்றால் கூடத்துச் சுவரில் இருந்த படம்தான். செபம் சொல்லி முடித்ததும் நாற்காலி மேல் ஏறி அந்தப் படத்துக்கு முத்தம் கொடுத்துவிட்டு வருவாய். படத்தில் அவருக்கு மீசை உண்டு. பேரளம் ரயிலில் வந்து இறங்கிய மனிதருக்கு மீசை இல்லை, முன்நெற்றியில் முடியும் குறைந்திருந்தது. "அப்பாகிட்ட போ" என்று உன்னை முன்னால் தள்ளினேன். நீ என் முழங்காலைக் கட்டிக்கொண்டு, "அப்பா வீட்டுல படத்துல இருக்காரு" என்றாய். பெட்டி தூக்கிய கூலிக்காரர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். ஆனால் வீடு வரும்வரை மேலுதட்டைத் தடவிக்கொண்டே வந்தார்.

வீட்டு வாசலில் சிப்பாய் நின்றது. அந்த நாய் அப்பா கப்பல் ஏறிய வருஷத்து மழைக்காலத்தில் குட்டியாக வந்து ஒதுங்கியது. வாசலில் விறைப்பாக நின்று காவல் காக்கும் என்பதால், பிரெஞ்சுக்காரரின் சிப்பாய்களை நினைத்து அதற்கு அந்தப் பெயரை வைத்தேன். பழுப்பு உடம்பு, நெஞ்சில் வெள்ளை. நீ நடக்கப் பழகியதே அதன் முதுகைப் பிடித்துக்கொண்டுதான். அது உன் அப்பாவை வீட்டுக்குள் விட மறுத்தது. நான் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போன பிறகுதான் அவர் படி ஏறினார். சொந்த வீட்டுக்குள் ஒரு மனிதன் அப்படி நுழைந்ததை நினைத்துப் பார். அதன்பிறகும் அவர் உன்னை நெருங்கும்போதெல்லாம் சிப்பாய் உறுமும், நீ அதன் பின்னால் போய் நின்றுகொள்வாய். ஒருநாள் அவர் உன்னைத் தூக்கப் பார்த்தபோது அது பாய்ந்து அவர் கையைக் கவ்விவிட்டது. பெரிய காயம் இல்லை. ஆனால் நான் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், வரிச்சிக்குடிக்கு வைக்கோல் ஏற்றப் போன ஒரு வண்டிக்காரரிடம் நாயைக் கயிறு கட்டி ஒப்படைத்துவிட்டார். குழந்தையையே கடித்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்குக் காரணம் சொன்னார். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நீ அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேச்சை நிறுத்திவிட்டாய். சாப்பிடு என்றால் சாப்பிட்டாய், படு என்றால் படுத்தாய், வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாய். அப்பா பயந்துபோய் மறுநாளே சைக்கிளை எடுத்துக்கொண்டு வரிச்சிக்குடிக்கு ஓடினார். கயிறுதான் இருந்தது. நாய் அதைக் கடித்து அறுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டிருந்தது. திரும்பி வந்தவர் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்தார். அவருக்குப் பிரெஞ்சு நாட்டு மர்சேய் துறைமுகத்தில் வேலை போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள், வைகாசியில்தான் போக வேண்டும். "நான் முன்னாலயே கிளம்பிடுறேன். நான் இல்லாத வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் நல்லாத்தானே இருந்தீங்க" என்றார். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபித்துக்கொண்டிருப்பேன். கணக்குப் பார்த்துவிட்டவர் போல, அமைதியாகச் சொன்னார். அப்படிப் போகிற மனிதர் திரும்பி வருவாரா என்பதே எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

நான் அவரிடம் சொன்னது ஒன்றுதான். மாசியில் குழந்தைக்குப் பிறந்தநாள் வருகிறது, அதுவரையாவது இருங்கள் என்றேன். அவர், சைகோனில் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அன்னம் மாதிரியும் படகு மாதிரியும் காத்தோ வைத்திருப்பார்கள், நாய் மாதிரி ஒன்று செய்ய முடியுமா என்று கேட்டார். நம் வீட்டில் கேக்கைக் காத்தோ என்றுதான் சொல்வோம், உனக்கே தெரியும். கிறிஸ்துமஸுக்கு வட்டமாக ஒன்று சுடுவேன், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வித்தை. அவருக்கு அதுவும் தெரியாது, சாப்பிடத்தான் தெரியும். இருந்தாலும் முடியும் என்றேன். முடியாது என்று சொல்லியிருந்தால் அவர் பெட்டியைத்தான் எடுத்திருப்பார்.

அந்தக் காத்தோவை நாங்கள் செய்த விதத்தை உனக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீ நினைவில் வைத்திருக்க வழியில்லை. அகன்ற பானையில் மணலைப் பரப்பி, அதற்குள் மாவுத் தகரத்தை இறக்கி, மூடி மேலும் தணலைக் கொட்டிச் சுடுவது என் வழக்கம். முதலில் சுட்டது அடியில் கருகி நடுவில் குழிந்துபோனது. இரண்டாவது நன்றாக உப்பியது. அப்பாவுக்கு நாய் நின்றுகொண்டிருக்க வேண்டும், சிப்பாய் வாசலில் நிற்பதைப் போல. காத்தோவில் நான்கு கால்களை நறுக்கி எடுத்து, மூங்கில் குச்சி செருகி, உடம்பை மேலே தூக்கி வைத்தார். கண்ணெதிரிலேயே கால்கள் மடங்கின, உடம்பு இரண்டாகப் பிளந்து பலகையில் உட்கார்ந்தது. அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "படுத்திருக்கிற நாயா செய்யலாங்க. அது பாதி நேரம் படுத்துத்தானே கிடந்துச்சு" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். எங்கிருந்தோ எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவரும் சிரித்துவிட்டார். அவர் ஊர் வந்து சேர்ந்ததிலிருந்து நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. உனக்கு மட்டும் அவர் புது மனிதர் இல்லை, தம்பி. எனக்கும் அப்படித்தான் இருந்தது. அவர் மாவு சலித்துத் தும்முவதையும், முட்டையையும் சர்க்கரையையும் அடிக்க மாட்டாமல் கை மாற்றிக்கொள்வதையும் பார்த்தபிறகுதான், நான் கல்யாணம் செய்துகொண்டவர் இவர்தான் என்று மனசு ஒப்புக்கொண்டது.

மூன்றாவது முறை பிஸ்கட் தகரத்தில் நீளமாக ஒன்றும், பித்தளைக் கிண்ணத்தில் உருண்டையாக ஒன்றும் சுட்டோம். நீளமானதன் ஓரங்களைச் சீவி உடம்பாக்கினோம். கிண்ணத்தில் சுட்டது தலை. சீவி எடுத்த துண்டுகளில் முன்னங்கால்களும் வாலும் செய்து, எல்லாவற்றையும் கொய்யா ஜெல்லி தடவி ஒட்டினோம். வெண்ணெயில் பொடித்த சர்க்கரையைப் போட்டுக் குழைத்து, நெஞ்சுக்கு மட்டும் வெள்ளையாக எடுத்து வைத்துக்கொண்டு, மீதியில் காப்பி டிக்காக்ஷனை ஊற்றிப் பழுப்பாக்கினோம். அதை உடம்பு முழுக்கப் பூசி, முள்கரண்டியால் மெல்ல இழுத்ததும் நிஜமாகவே ரோமம் போல வந்துவிட்டது. கண்ணுக்கு உலர்ந்த திராட்சை, மூக்குக்கு ஒரு பேரீச்சம்பழத் துண்டு, நாக்குக்கு ஜெல்லியிலேயே ஒரு சிவந்த கீற்று. காதுக்கு வந்தபோதுதான் தகராறு. சிப்பாய்க்கு ஒரு காது மடங்கித் தொங்கும். இடது காது என்று நான் சொன்னேன். வலது என்று அவர் சொன்னார். இத்தனை வருஷம் சோறு போட்ட எனக்குத் தெரியாதா என்றேன். தன்னைப் பார்த்துக் குரைக்கும்போது எதிரில் நின்று பார்த்தவன் தான்தான் என்றார். அப்போது எதேச்சையாகத் திரும்பினால் நீ கதவோரம் நிற்கிறாய். எவ்வளவு நேரமாக நின்றாயோ. உன் வலது காதைத் தொட்டு மடக்கிக் காட்டிவிட்டு ஓடிப்போனாய். அப்பா வலது காதையே மடக்கி ஒட்டினார்.

பிறந்தநாளன்று பூவத்திலிருந்து என் அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தார். தெருப் பிள்ளைகளும் வந்தார்கள். மேசைமேல் பலகையோடு காத்தோவை வைத்ததும் எல்லோரும் வாய்விட்டு ஆச்சரியப்பட்டார்கள். நீ மட்டும் கிட்டப் போய், விரல் படாமல், மூக்கோடு மூக்கு வைத்துப் பார்த்தாய். அப்பாவின் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா. அந்த மலர்ச்சியோடே கத்தியைக் கையில் எடுத்தார். அவர் அதை நாயின் கழுத்தருகே கொண்டுபோனதுதான் தாமதம், நீ போட்ட சத்தத்தில் பிள்ளைகள் எல்லாம் சுவரோரம் ஒதுங்கிவிட்டார்கள். இரண்டு கையாலும் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தொங்கினாய். "வெட்டாதீங்க. சிப்பாய வெட்டாதீங்க" என்றாய். அவர் வீட்டுக்கு வந்தபிறகு நீ அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. அவரை நீயாகத் தொட்டதும் அதுதான் முதல்.

பிள்ளைகள் காத்தோவுக்காக வாயைத் திறந்து நிற்கிறார்கள். அண்ணன், இது என்ன பிடிவாதம், ரெண்டு வைத்தால் சரியாகிவிடும் என்றார். நானும் உன்னை இழுக்கத்தான் போனேன். அப்பா கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "இல்ல மச்சான், அவன் சொல்றது சரி. இத வெட்டக் கூடாது" என்றார். பிறகு எல்லோருக்கும் முன்னால் தரையில் மண்டியிட்டு, உன் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, "சிப்பாய அனுப்பினது நான்தான். அது தப்பு. நாளைக்கு ரெண்டு பேருமா போயித் தேடுவோமா?" என்று கேட்டார். வந்தவர்களுக்கு முறுக்கும் வாழைப்பழமும் கொடுத்து அனுப்பினேன். காத்தோவை எறும்பு ஏறாமல் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவில் மணை போட்டு வைத்து, வலைக்கூடையால் மூடினேன். மறுநாள் விடிந்ததும் பார்த்தால் நீ சட்டைப் பொத்தானைத் தப்பும் தவறுமாகப் போட்டுக்கொண்டு சைக்கிள் பக்கத்தில் நின்றாய்.

அன்று நாய் கிடைக்கவில்லை. அதற்கடுத்த நாளும் கிடைக்கவில்லை. ஆனால் நீங்கள் இருவரும் காலையில் கிளம்பி உச்சி வெயிலில்தான் வந்தீர்கள். முதல் நாள் பின்னால் கேரியரில், அவர் மேல் கை படாமல் சீட்டுக் கம்பியைப் பிடித்து உட்கார்ந்து போனாய். அடுத்த நாள் அவர் முன்கம்பியில் துண்டைச் சுற்றி உன்னை உட்கார வைத்திருந்தார். சிப்பாய்க்கு என்ன பிடிக்கும், எங்கே ஒளியும் என்று அவர் கேட்கக் கேட்க நீ சொல்லிக்கொண்டே போனாயாம். அதற்கு இடி என்றால் பயம், நீ கட்டிலுக்கு அடியில் போய் அதோடு படுத்துக்கொள்வாய். நீ காய்ச்சலில் கிடந்தபோது அது சோறு தின்னவில்லை. கிணற்றடியில் வழுக்கி விழுந்து உன் மோவாய் கிழிந்தபோது அதுதான் குரைத்து என்னைக் கூப்பிட்டது. இப்படி நாயைப் பற்றிச் சொல்லுகிற சாக்கில், அவர் இல்லாத வருஷங்களையெல்லாம் நீ அவருக்குச் சொல்லி முடித்திருந்தாய். நான் கடிதத்தில் எழுதாமல் விட்டதைக்கூட அவர் உன் வாயால்தான் தெரிந்துகொண்டார்.

கடைசியில் வரிச்சிக்குடிக்கு அப்பால், அறுவடை முடிந்த வயலில் மேய்ந்துகொண்டிருந்த ஒரு வாத்துக் கூட்டத்தின் ஓரத்தில் சிப்பாயைக் கண்டீர்கள். கூட்டத்தை விட்டு விலகும் வாத்துகளை அது ஓடி ஓடி வளைத்துக்கொண்டிருந்ததாம். நீ கூப்பிட்டதும் தாவி வந்து உன்னைக் கீழே தள்ளி முகமெல்லாம் நக்கியது. அப்பாவின் கையையும் முகர்ந்து பார்த்தது, உறுமவில்லை. வாத்துக்காரர், "வாய்க்கா கரையில தானா வந்து ஒட்டிக்கிச்சுங்க. ஒங்களுதுன்னா கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார். சைக்கிளுக்குப் பின்னால் அது மதகு வரைக்கும் ஓடி வந்தது. அங்கே நின்றுவிட்டது. உன்னைப் பார்த்தது, திரும்பி வயலைப் பார்த்தது, மறுபடி உன்னைப் பார்த்தது. அப்பா இறங்கிப்போய் அதைத் தூக்கிவரத் தயாராக இருந்தார். நீ கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வேணாம். அதுக்கு அங்க வேல இருக்கு" என்று சொன்னாயாம். அதற்கு மேல் அவரால் சைக்கிளை மிதிக்க முடியவில்லை. தள்ளிக்கொண்டேதான் வீடு வந்து சேர்ந்தார். இதைச் சொல்லும்போது என் எதிரிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று நீ கை கால் கழுவிவிட்டு வந்து, வலைக்கூடையைத் தூக்கிப் பார்த்தாய். பிறகு, இது சிப்பாய் இல்லை, சிப்பாய் வயலில் இருக்கிறது, இதைச் சாப்பிடலாம் என்று நீயே எங்களுக்குத் தீர்ப்புச் சொன்னாய். கத்தி வேண்டாம் என்று அப்பா கையாலேயே ஒரு முன்னங்காலைப் பிய்த்து உனக்குக் கொடுத்தார். அதற்குள் காத்தோ காய்ந்து கட்டையாகியிருந்தது, வெண்ணெயில் லேசாகக் காறல் வாடை. நீ ஒரு வாய் மென்றாய். முகத்தைச் சுளித்தாய். என்னிடம் வரவில்லை, அவரைத்தான் நிமிர்ந்து பார்த்தாய்.

"அப்பா, இது நல்லாவே இல்ல" என்றாய்.

அவருக்குக் கிடைத்த எந்தப் பாராட்டுக்கும் அவர் அப்படிப் பூரித்து நான் பார்த்ததில்லை. "நல்லா இல்லதான்யா, நல்லா இல்லதான்" என்று சொல்லிக்கொண்டே மீதியையெல்லாம் அவரே தின்றார். முன்னாலேயே கிளம்பும் பேச்சு அதன்பிறகு வரவில்லை. வைகாசியில் போகத்தான் செய்தார். வேலை அங்கே இருந்தது, இன்று உனக்கு இருப்பதைப் போல. ரயிலடியில் நீ மூக்கு ஒழுக அழுதாய், அவரும் அழுதார். போன தடவை அவர் கிளம்பியபோது பிரிவுக்கு அழத் தெரியாத குழந்தையாக இருந்தாய். இந்த முறை அழுது வழியனுப்ப ஒரு மகன் இருந்தான். அந்தப் பலத்தில்தான் ஒவ்வொரு லீவுக்கும் அவர் தவறாமல் வந்தார்.

ஆகவே நீ துபாய்க்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை. போக வேண்டிய நாளுக்குப் போ. அதற்குள் உன் மகளுக்காக ஏதாவது ஒன்றை உன் கையால் செய்யப் பார். அது கோணலாக வந்தால் பரவாயில்லை, அவள் கண்ணெதிரில் நடந்தால் போதும். அவள் வேண்டாம் என்று தடுத்தால் நிறுத்திக்கொள், பெரியவர்கள் பார்க்கிறார்களே என்று வெட்கப்படாதே. குழந்தை உடனே வந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும் என்று நினைத்து வந்தாய், அதுதான் உனக்கு இவ்வளவு வலிக்கிறது. பாசம் அப்படி வராது. இவரிடம் குறை சொல்லலாம், சொன்னாலும் இந்த ஆள் எங்கேயும் போய்விட மாட்டார் என்ற தைரியம்தான் குழந்தைகளுக்கு முதலில் வரும். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

இன்று காலையில் நீ தூங்கிக்கொண்டிருந்தபோது அவள் அறை வாசலில் நின்று உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கிட்டே வந்து காதோடு காதாக, "அப்பாயி, அந்த ஆளு ரொம்பக் கொறட்டை விடுறாரு" என்றாள். அதை அவரிடமே சொல்லேன் என்றேன். நாளைக்குச் சொல்கிறேன் என்று ஓடிவிட்டாள். நாளைக்கு வீட்டில் இரு, தம்பி.

உன் அம்மா